கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் எக்ஸ்போர்ட் வேகமாகுமா? எடிட்டிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போய்ப் பார்த்தால் தெரியும், மாப்பிள்ளை பெண் வீட்டாருக்குச் சமமாக கேமராக்காரர்களும் நிற்பார்கள். தேவநாத சுவாமி கோயிலில் ஒரே காலையில் அத்தனை கல்யாணம். அந்த மெமரி கார்டுகள் எல்லாம் சாயங்காலத்துக்குள் மஞ்சக்குப்பத்திலோ, திருப்பாதிரிப்புலியூரிலோ, பாண்டி காந்தி வீதிப் பக்கம் ஒரு மாடியறையிலோ வந்து சேரும். வெட்டி ஒட்டி, பாட்டு போட்டு, கலர் பார்த்து முடிப்பது ஒரு பாடு. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு அந்தப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொரு பாடு. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டா எக்ஸ்போர்ட் சீக்கிரம் முடியுமா?"

முடியும். சில நேரம் துளிகூட மாறாது. எது உங்கள் கதை என்பதைக் காசு செலவில்லாமல் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், கடைக்குப் போவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள் என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது

எக்ஸ்போர்ட் என்பது ஒரே வேலை இல்லை, மூன்று வேலை. கேமராவிலிருந்து வருவது சுருக்கிய கோப்பு. அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து விரிக்க வேண்டும், அது டிகோடு. விரித்த ஃபிரேமின் மேல் நீங்கள் போட்ட கலர், லட் (தயாராகக் கிடைக்கும் கலர் அமைப்பு), அளவு மாற்றம், டிரான்சிஷன், நாய்ஸ் (இருட்டில் வரும் புள்ளி) நீக்கம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும், அது எஃபெக்ட் வேலை. கடைசியில் முடிந்த ஃபிரேமைத் திரும்ப எச்.264 ஆகவோ எச்.265 ஆகவோ சுருக்கி டிஸ்க்கில் எழுத வேண்டும், அது என்கோடு. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறி ஓடிக்கொண்டே இருக்கும். கல்யாணப் பந்தி மாதிரிதான், சமையற்கட்டில் பத்து மாஸ்டர் இருந்தாலும் பரிமாற இரண்டே பேர் என்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். எங்கே வேலை தேங்குகிறதோ அந்த இடத்தின் வேகம்தான் மொத்த எக்ஸ்போர்ட்டின் வேகம்.

கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பெயரில் சொன்னாலும் அதற்குள்ளும் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. என்விடியா கார்டில் விரிப்பதற்கு என்வ்டெக், கணக்குக்கு கியூடா கோர்கள், சுருக்குவதற்கு என்வென்க். கேம் விளையாடுகிறவர்கள் பேசும் வேகம் எல்லாம் நடுவில் இருக்கிற அந்தக் கோர்களின் வேகம். என்வென்க் அப்படி விலைக்குத் தக்க வளர்வதில்லை. ஆர்டிஎக்ஸ் 4060-இலும் 4070-இலும் இருப்பது ஒரே தலைமுறை என்கோடர், எண்ணிக்கையும் ஒன்றுதான். 4070 டிஐ-யிலிருந்துதான் இரண்டு வரும். ஆக, வெறும் கட் மட்டும் போட்ட மூன்று மணி நேர டிரெடிஷனல் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய 4060-ஐ விட்டு 4070 வாங்கினால் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குப் பெரிதாக ஒன்றும் திரும்பி வராது. அதே பணம், நாய்ஸ் நீக்கமும் கலரும் அடுக்கடுக்காகப் போட்ட ஐந்து நிமிட ஹைலைட்டில் நன்றாகவே வேலை செய்யும்.

இன்டெல் புராசஸருக்குள் இருக்கிற சின்ன கிராபிக்ஸிலும் இதே மாதிரி என்கோடர், டிகோடர் உண்டு. 2011-இலிருந்து குவிக் சிங்க் என்ற பெயரில் வருகிறது. இதை நம்மாட்கள் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கீழே இது பெரிய ஆளாகத் திரும்ப வரும்.

முதல் வேலை: ஒரு நிமிடத்தை வெட்டி எடுங்கள்

உங்கள் உண்மையான வேலையிலிருந்து ஒரு நிமிட டைம்லைனை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கிற சோதனைக் கோப்பு வேண்டாம், உங்கள் கேமரா, உங்கள் கலர், உங்கள் எஃபெக்ட். தாலி கட்டுகிற இடம் கொஞ்சம், ரிசப்ஷன் இருட்டு கொஞ்சம், ஒரு பாட்டுத் துண்டு என்று கலந்து இருந்தால் நல்லது. இன், அவுட் குறித்து அதை மட்டும் வழக்கமாகக் கொடுக்கும் செட்டிங்கில் எக்ஸ்போர்ட் செய்து, எத்தனை நொடி ஆயிற்று என்று எழுதி வையுங்கள். பிரவுசரை மூடிவிட்டுச் செய்யுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் குத்தியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது கார்டுக்குப் போகிற மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும், அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது இரண்டாம் முறை அதையே ஓடவிட்டு, கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் இடது வரிசையின் கடைசியில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இருக்கும். ஒன்று இன்டெல், இன்னொன்று உங்கள் கார்டு, பெயர் கூடவே போட்டிருக்கும். கிளிக் செய்தால் நான்கு சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தின் தலையில் 3டி என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு அம்புக்குறி இருக்கும். புதியவர்கள் அந்த 3டி கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது, என் கார்டு வேலையே செய்யவில்லை என்று புலம்புவார்கள். அந்த அம்புக்குறியை அழுத்தினால் ஒரு பட்டியல் விழும்: வீடியோ டிகோட், வீடியோ என்கோட், காப்பி, சில கணினிகளில் கியூடா அல்லது கம்ப்யூட். ஒரு கட்டத்தில் டிகோட், ஒன்றில் என்கோட், ஒன்றில் கியூடா என்று மாற்றி வையுங்கள். கியூடா பட்டியலில் வரவில்லை என்றால் ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைப் போட்டுப் பாருங்கள், அதில் கார்டின் சுமை, வீடியோ இன்ஜினின் சுமை, மெமரி, சூடு எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

பார்த்ததை இப்படிப் படியுங்கள்.

வீடியோ என்கோட் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது என்றால் நல்ல செய்தி, உங்கள் கணினி செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. இதற்கு மேல் வேகம் வேண்டுமானால் புதிய தலைமுறை என்கோடரோ இரண்டு என்கோடர் கார்டோதான்.

கியூடா அல்லது 3டி உச்சியில் என்றால் உங்கள் எஃபெக்ட் கனமானது. இங்கேதான் பெரிய கார்டு நேரடியாக உதவும்.

புராசஸர் நூறு சதவீதம், கார்டு மூன்றும் தரையில் என்றால், ஒன்று கார்டைப் பயன்படுத்தும் செட்டிங் அணைந்து கிடக்கிறது, அல்லது உங்கள் கேமரா கோப்பை அந்தக் கார்டால் விரிக்க முடியவில்லை, அல்லது நீங்கள் போட்ட எஃபெக்ட் புராசஸரில் மட்டும் ஓடுகிற ஜாதி. இந்த நிலையில் எவ்வளவு விலைக்குக் கார்டு வாங்கினாலும் அதுவும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

எல்லாமே பாதிக்குக் கீழே, எதுவும் உச்சியில் இல்லை, ஆனாலும் மெதுவாக இருக்கிறது என்கிற நிலையில்தான் பலர் குழம்புகிறார்கள். முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், பழைய எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கிலிருந்து நேராக எடிட் செய்கிறீர்களா, அதுவும் யுஎஸ்பி 2 துளையில் குத்தியிருக்கிறீர்களா என்று. அது இல்லையென்றால் ஏதோ ஒரு எஃபெக்ட் புராசஸரின் ஒரே ஒரு இழையில் (திரெட்) ஓடிக்கொண்டிருக்கும். 16 இழை புராசஸரில் ஒன்று முழுதாக ஓடினாலும் டாஸ்க் மேனேஜர் 6 சதவீதம் என்றுதான் காட்டும்.

இரண்டாவது வேலை: செலவில்லாத திருத்தங்கள்

பிரீமியர் புரோவில் கார்டைத் தொடுகிற இடம் மூன்று. மூன்றும் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன, ஒன்றைப் போட்டுவிட்டு எல்லாம் ஆயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில் ரெண்டரர் என்ற இடத்தில் மெர்க்குரி பிளேபேக் இன்ஜின் ஜிபியு ஆக்சிலரேஷன் இருக்க வேண்டும், இது எஃபெக்ட் கணக்குக்கு. பிரிஃபரன்ஸஸில் மீடியா பக்கத்தில் ஹார்டுவேர் டிகோடிங் டிக் ஆகியிருக்க வேண்டும், இது கேமரா கோப்பை விரிப்பதற்கு. எக்ஸ்போர்ட் பக்கத்தில் வீடியோ பகுதிக்குள் என்கோடிங் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் ஹார்டுவேர் என்கோடிங் இருக்க வேண்டும், இது கடைசிச் சுருக்கத்துக்கு. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பது) இடத்தில் விபிஆர் 2 பாஸ், அதாவது வீடியோவை இருமுறை ஓட்டிப் பார்த்துச் சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த மூன்றாவது தானாக சாஃப்ட்வேர் என்கோடிங்குக்கு மாறிவிடும், ஒரு எச்சரிக்கையும் பெரிதாக வராது. யாரோ எப்போதோ செய்துகொடுத்த பிரீசெட்டை வைத்து வருடக்கணக்காக எக்ஸ்போர்ட் செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விபிஆர் 1 பாஸ் போட்டுப் பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். என்விடியா, ஏஎம்டி கார்டுகளில் என்கோடு செய்யும் வசதியே பிரீமியருக்கு 2020 மே மாதத்து 14.2 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு என்கோடு வேகத்துக்காகக் கார்டு வாங்கிப் பிரயோசனமில்லை.

டாவின்சி ரிசால்வ் வேறு ரகம், அது ஆரம்பத்திலிருந்தே கார்டை நம்பி எழுதப்பட்ட மென்பொருள், கார்டு நன்றாக இருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிரிஃபரன்ஸஸில் சிஸ்டம், மெமரி அண்ட் ஜிபியு பக்கத்தில் உங்கள் கார்டு டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். டெலிவர் பக்கத்தில் எச்.264 அல்லது எச்.265 தேர்ந்தெடுத்ததும் என்கோடர் என்ற வரிசையில் கார்டின் பெயர் வருகிறதா பாருங்கள். ஹார்டுவேர் வசதி முழுமையாகக் கிடைப்பது 295 டாலர் ஸ்டுடியோ பதிப்பில். இலவசப் பதிப்பு 4கே யுஎச்டி, 60 ஃபிரேம் வரை கொடுக்கும், ஆனால் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷனும் (முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளி நீக்குவது) ஒன்றுக்கு மேற்பட்ட கார்டுகளும் அதில் கிடையாது. மாதாமாதம் கட்டத் தேவையில்லை, ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால், கார்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுப்பது சில பேருக்குப் புத்திசாலித்தனமான செலவு.

நம்ம பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களில் இன்னும் எடியஸ் ஓடுகிற இடங்கள் நிறைய. எடியஸ் நெடுங்காலமாகப் புராசஸரையும் இன்டெல் குவிக் சிங்க்கையும் நம்பி வேகம் காட்டுகிற மென்பொருள். அதில் வேலை செய்கிறவர் கேம் கார்டு வாங்கிப் போட்டுவிட்டு, எக்ஸ்போர்ட் அப்படியே இருக்கிறதே என்றால் இருக்கத்தான் செய்யும்.

குவிக் சிங்க் பற்றி இன்னொன்று. தனிக் கார்டு குத்தியதும் பல மதர்போர்டுகள் புராசஸரின் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு ஜிபியுதான் தெரிகிறது என்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கிற செட்டிங் பக்கம்) போய் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்றோ அதைப் போன்ற பெயரிலோ இருப்பதை இயக்கி வையுங்கள், அப்புறம் இன்டெல் டிரைவரையும் போடுங்கள். பைசா செலவில்லை, சில கேமரா கோப்புகளுக்கு இதுவே போதும்.

டிரைவர் விஷயத்தில் என்விடியா இரண்டு வகை கொடுக்கிறது, கேம் ரெடி ஒன்று, ஸ்டுடியோ ஒன்று. நமக்கு ஸ்டுடியோ. வேகத்துக்காக இல்லை, நடுவில் நின்று போகாமல் இருப்பதற்காக.

மூன்றாவது வேலை: கேமரா என்ன எழுதுகிறது என்று பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசியில் பார்க்கிறார்கள். பழைய கேமராக்கள் எழுதியது 8 பிட், 4:2:0, எச்.264. பிட், 4:2:0, 4:2:2 என்பதெல்லாம் கோப்பில் நிற விவரம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள், எண் கூடினால் விவரமும் கூடும். அதை எந்தக் கார்டும் கண்ணை மூடிக்கொண்டு விரிக்கும். இப்போது கல்யாணத்துக்கு வருகிற சோனி ஏ7 4, ஏ7எஸ் 3, கேனான் ஆர்6 வரிசை எல்லாம் 10 பிட், 4:2:2 எழுதும். கலர் பார்க்க அருமையான கோப்பு. ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் எந்தக் கார்டாலும், 4090-ஆக இருந்தாலும், 4:2:2 கோப்பை ஹார்டுவேரில் விரிக்க முடியாது. அந்த வேலை முழுக்கப் புராசஸர் தலையில் விழும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் என்விடியா அதைக் கொடுத்தது, அதற்கும் மென்பொருள் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். இன்டெலின் உள் கிராபிக்ஸ் 11-ஆம் தலைமுறையிலிருந்தே 10 பிட் 4:2:2 எச்.265 கோப்பை விரித்துக்கொண்டிருக்கிறது. நம்ப மாட்டீர்கள், சாதாரண ஐ5-12400 புராசஸர் வைத்திருப்பவருடைய டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும், அதே 12400எஃப் புராசஸரோடு விலை அதிகமான கார்டு வைத்திருப்பவருடையது திக்கித் திக்கி நகரும். அந்த எஃப் எழுத்துக்குப் பொருள் உள் கிராபிக்ஸ் கிடையாது என்பது. கடையில் எஃப் கொஞ்சம் மலிவாக இருக்கும், "எப்படியும் தனிக் கார்டு போடப்போறீங்களே சார்" என்பார்கள். வீடியோ எடிட்டிங்குக்கு அந்த மிச்சம் வேண்டாம்.

கவனிக்க: இன்டெல் விரிப்பது 4:2:2 எச்.265-ஐ. 4:2:2 எச்.264-க்குப் பெரும்பாலான இன்டெல் புராசஸர்களில் இந்தச் சலுகை இல்லை. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. பதிவு செய்யும்போதே எது என்று கேமராக்காரரிடம் பேசிக்கொண்டால் எடிட்டிங் மேசையில் பாதித் தலைவலி குறையும்.

பிராக்ஸி (அசல் கோப்பின் லேசான நகல்) போட்டால் எக்ஸ்போர்ட் வேகமாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. பிராக்ஸி வெட்டி ஒட்டும்போது கை ஓடுவதற்காக. எக்ஸ்போர்ட் நேரத்தில் மென்பொருள் அசல் கோப்புக்கே போய்விடும். அசலையே புரோரெஸ் (குறைவாகச் சுருக்கிய, பெரிய கோப்பு வகை) ஆக மாற்றி வைத்துக்கொண்டால் விரிப்பது லேசாகும், உண்மைதான், ஆனால் 4கே 25 ஃபிரேம் புரோரெஸ் 422 நொடிக்கு 492 மெகாபிட், மணிக்குச் சுமார் 220 ஜிபி. ஆறு மணி நேரக் கல்யாணத்துக்கு ஒன்றேகால் டிபிக்கு மேல் வரும். விளம்பரப் படம் எடுப்பவர்கள் செய்யட்டும், நமக்குக் கட்டாது.

சொந்தக்காரர்கள் போனில் எடுத்துக் கொடுக்கிற வீடியோ ஒரு தனிச் சனியன், ஃபிரேம் வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச நிரலில் போட்டு நிலையான 25 ஃபிரேமாக மாற்றிவிட்டு டைம்லைனுக்குள் விடுங்கள்.

எஃபெக்ட், கார்டின் மெமரி

கலர், லட், அளவு மாற்றம் இவையெல்லாம் இன்றைய கார்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. கனமானது நாய்ஸ் நீக்கம். ரிசப்ஷன் மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்இடி வால் பளீரென்று, முன்னால் முகங்கள் இருட்டில், ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்த கோப்பு முழுக்கப் புள்ளி. அதை நீக்க மென்பொருள் முன்னும் பின்னும் சில ஃபிரேம்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு 4கே ஃபிரேம் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 32 பிட் என்ற கணக்கில் விரித்தால் ஒன்றே சுமார் 133 எம்பி. ஐந்து ஃபிரேமை ஒரே நேரத்தில் கையில் பிடித்தால் அறுநூற்றுச் சொச்சம் எம்பி, இது ஒரு கிளிப்புக்கு, அதற்கு மேல் டிரான்சிஷனில் இரண்டு கிளிப் ஒன்றன்மேல் ஒன்று, அதற்கு மேல் மென்பொருள் தனக்காக வைத்துக்கொள்வது. 4 ஜிபி கார்டில் 1080 வேலை தாராளமாக நடக்கும், 4கே நாய்ஸ் நீக்கத்துக்கு மூச்சு முட்டும். மெமரி நிரம்பிவிட்டால் ரிசால்வ் நேராகவே ஜிபியு மெமரி ஃபுல் என்று சொல்லி நிற்கும். 4கே எடிட்டிங்குக்கு 8 ஜிபியைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியரின் வார்ப் ஸ்டெபிலைசர் ஆராய்வது புராசஸர் வேலை, கார்டு அங்கே உதவாது. எஃபெக்ட்ஸ் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். ஜிபியு அடையாளம் இல்லாத எஃபெக்ட் ஒன்றை டைம்லைன் முழுக்கப் போட்டால் கார்டு அங்கே காத்துக்கொண்டுதான் நிற்கும்.

கார்டு வாங்க இப்போது முடியவில்லையா? கனமான துண்டுகளை மட்டும் சாப்பிடப் போகும்போது ரெண்டர் போட்டு வைத்துவிடுங்கள். பிரீமியரில் பிரிவியூ கோடெக்கைப் புரோரெஸ் ஆக வைத்து எக்ஸ்போர்ட்டில் யூஸ் பிரிவியூஸ் டிக் செய்யலாம், ரிசால்வில் ரெண்டர் கேஷ் இருக்கிறது, டெலிவரில் அந்தக் கேஷையே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். வேலை குறையவில்லை, ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது எக்ஸ்போர்ட் சட்டென்று முடியும்.

வாங்குவது என்று முடிவானால்

சோதனையில் தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முதலில் தவிர்க்க வேண்டியவை. ஜிடி 1030-இல் என்கோடரே கிடையாது. லேப்டாப்பில் வரும் எம்எக்ஸ் வரிசையிலும், எம்எக்ஸ்150, எம்எக்ஸ்250 போன்றவற்றில், கிடையாது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடர் வைக்கவில்லை, கேமுக்குப் பரவாயில்லை, நமக்கு ஆகாது. பாக்ஸ் பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், கடைக்காரரும் ஏமாற்றவேண்டும் என்று சொல்வதில்லை, அவரிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கேம் பிள்ளைகள்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, 1080-இல் கட் போட்டு பென்டிரைவில் கொடுப்பதுதான் வேலை என்றால் உள் கிராபிக்ஸ் இருக்கிற இன்டெல் ஐ5 போதும்; கார்டுப் பணத்தில் எஸ்எஸ்டியும் ரேமும் வாங்குங்கள். பழைய ஆபீஸ் கணினியை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை பொருந்தும், 70 வாட்தான் இழுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் தேவையில்லை, எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டாம். 4கே, 10 பிட், பாண்டி ராக் பீச்சிலும் வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர் ஓரத்திலும் ப்ரீ-வெட்டிங் எடுத்து ஸ்லோமோஷனும் கலரும் நாய்ஸ் நீக்கமும் என்று போகிறவர் என்றால் உள் கிராபிக்ஸ் இருக்கிற இன்டெலோடு 8 ஜிபி என்விடியா கார்டு, அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி 50 வரிசைக் கார்டு. ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் என்கோடு வேண்டுமானால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல்தான் இருக்கிறது, ஆனால் கல்யாண வீட்டு டிவிக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைத்திருக்கலாம். மெலிசான லேப்டாப்பில் இருப்பதும் தடித்த லேப்டாப்பில் இருப்பதும் ஒரே பெயர், வேறு வேகம். வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

புதுக் கார்டைப் போட்ட அன்றே அந்த ஒரு நிமிடத் துண்டை அதே செட்டிங்கில் ஓட்டிப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் தவணை முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

தரம் குறையுமா என்றால்

ஒரே பிட்ரேட்டில் வைத்துப் பார்த்தால் நிதானமாக ஓடவிட்ட சாஃப்ட்வேர் என்கோடிங் கொஞ்சம் மேல்தான். 4கே-யை 50 மெகாபிட்டில் கொடுக்கும்போது அந்த வித்தியாசத்தை டிவியில் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. யூடியூபுக்கு என்றால் 4கே 25 ஃபிரேமுக்கு 35 முதல் 45 மெகாபிட் என்று யூடியூபே சொல்கிறது, ஏற்றியதும் அது திரும்பச் சுருக்கத்தான் போகிறது. வாட்ஸ்அப்புக்கான அழைப்பிதழ் வீடியோ மாதிரி மிகச் சின்ன அளவுக்குச் சுருக்கும்போது மட்டும் சாஃப்ட்வேர் என்கோடிங் போடுங்கள், ஒரு நிமிட வீடியோவுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

பென்டிரைவுக்கே நேராக எக்ஸ்போர்ட் கொடுக்காதீர்கள். மலிவு பென்டிரைவின் எழுதும் வேகம் எல்லா வேகத்தையும் கீழே இழுத்துவிடும். எஸ்எஸ்டியில் முடித்துவிட்டுக் காப்பி செய்யுங்கள். 50 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் சுமார் 22 ஜிபி, எஃப்ஏடி32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வாங்காது, எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

சூடு, உப்புக் காற்று, கரண்ட்

முதல் பத்து நிமிடம் பட்டை விறுவிறுவென்று போய், பிறகு மந்தமானால் அது சூடு. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடியறையில் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பெயருக்கு அருகிலேயே டிகிரி தெரியும், பாருங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைப்பது, ஃபேன் பக்கத் தூசியை எடுப்பது, இந்த இரண்டிலேயே பாதி சரியாகும். தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று கூடுதல் தொல்லை, தூசியோடு ஈரமும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், கார்டின் உலோகப் பற்களும் கறுக்கும். நல்ல மெக்கானிக் கார்டைக் கழற்றிப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பக் குத்தினாலே "டிஸ்ப்ளே வரலை" என்கிற பாதிக் கேஸ் முடிந்துவிடும்.

கரண்ட் விஷயம் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் இருட்டு, 2024 ஃபெஞ்சலில் பாண்டி தெருவெல்லாம் தண்ணீர். அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், டிசம்பர் மழையில் ஒரு மணி நேரம் போனாலே போதும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கார்டும் புராசஸரும் முழு வேகத்தில் ஓடும்போது அது சேவ் செய்து அணைப்பதற்கான நேரம் கொடுக்கும், எக்ஸ்போர்ட்டை முடிக்க அல்ல. எம்பி4 கோப்பு பாதியில் அறுந்தால் பொதுவாக எழுதிய பாதியும் ஓடாது, ஏனென்றால் எந்த ஃபிரேம் எங்கே என்கிற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அதனால் மூன்று மணி நேரத்தை ஒரே கோப்பாக இரவு போட்டுவிட்டுப் படுக்காமல் பெண் அழைப்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று, ரிசப்ஷன் ஒன்று என்று க்யூவில் தனித்தனியாகப் போடுங்கள். நடுராத்திரி கரண்ட் போனாலும் முடிந்தவரை முடிந்திருக்கும், காலையில் மீதியை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.